பலா நிலைக்காலில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தாத்தா வீட்டைப் பிரித்தபோது பலாமரத்தில் செய்த பழைய கதவு நிலை கிடைத்தது. வைரம் பாய்ந்த மரம்; ஓரிடத்தில் மட்டும் பூச்சி துளைத்திருக்கிறது. இதில் எலக்ட்ரிக் கிட்டாரின் உடலைச் செய்ய ஆசைப்படுகிறேன். வீணைக்கு ஏற்ற மரம் கிட்டாருக்கும் ஏற்றதுதானே?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: தாராளமாகச் செய்யலாம்; ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக அன்று. தஞ்சாவூர் வீணையில், பலாமரத்தைக் குடைந்து எடுத்த குடம் தந்தியின் அதிர்வை வாங்கி ஒலியாகப் பெருக்குகிறது. எலக்ட்ரிக் கிட்டாரின் மரத்துக்கு அந்த வேலை இல்லை. பிக்கப் என்பது காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி. அதற்கு மேலே எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் எழும் மின்னழுத்தம்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. உடல் மரம் ஒலியை எவ்வளவு மாற்றும் என்பது கிட்டார்க்காரர்களிடையே ஓயாத சண்டை. பிக்கப்பை மாற்றினால் உடனே காதில் விழுகிற வேறுபாடு, உடல் மரத்தை மாற்றினால் என் காதில் விழுந்ததில்லை.

எனவே மரத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது, காய்ந்திருக்கிறதா, தோளில் மாட்டினால் தாங்குமா என்பவைதான். பல பத்தாண்டுகள் வீட்டில் நின்ற நிலைக்கால் இனிமேல் முறுக்கிக்கொள்வது அரிது என்பதால் முதல் கவலை இல்லை. எடைதான் யோசிக்க வைக்கும். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வடிவ உடல், ஆல்டர் மரத்தில் ஏறத்தாழ 2 கிலோ வரும். அதே உடல் பலாவில் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். பிக்கார்டு (உடலின் முகப்பை மூடும் தகடு) மறைக்கும் பகுதியில் சற்றுத் தாராளமாகக் குடைந்துவிட்டால் எடை குறையும், வெளியே தெரியாது.

நிலைக்கால் அகலம் போதாது. உடலுக்கு 33 செ.மீ. அகலமும் 44 மி.மீ. கனமும் வேண்டும். மூன்று துண்டுகளை விளிம்போடு விளிம்பாக இழைத்து ஒட்டுங்கள். விளக்கின் முன் பிடித்தால் இடையில் ஒளிக்கீற்று தெரியாத அளவுக்கு இழைத்திருக்க வேண்டும். இழைப்புளி வைக்கும் முன் மரம் முழுவதும் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய நிலையில் தலை முறிந்த ஆணி ஒன்றாவது இருக்கும். ரவுட்டரின் (மரம் குடையும் எந்திரம்) வெட்டலகு அதைக் கண்டுபிடிப்பதைவிடக் காந்தம் கண்டுபிடிப்பது மலிவு.

பூச்சித் துளைக்கு அஞ்ச வேண்டாம். உள்ளே பூச்சி உயிரோடு இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். குவீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, 1963இல் தம் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிட்டாரின் நெக் (கழுத்துப் பகுதி), பழைய கணப்படுப்பின் மேல்சட்ட மரத்தில் செதுக்கியது. அதிலிருந்த பூச்சித் துளைகளை அவர்கள் தீக்குச்சியால் அடைத்தார்கள். அந்தக் கிட்டாரைத்தான் அவர் உலகெங்கும் மேடைகளில் வாசித்து வந்திருக்கிறார்.

கேள்வி: மேப்பிள் மரம் விலை அதிகம். நெக்கைத் தேக்கிலும், ஃப்ரெட்போர்டை (ஃப்ரெட் என்னும் குறுக்குக் கம்பிகள் பதித்த விரல் பலகை) ஈட்டியிலும் செய்தால் டிரஸ் ராடு (நெக் வளையாமல் காக்க உள்ளே வைக்கும் உலோகக் கம்பி) இல்லாமல் நிற்குமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நிற்காது, தேக்கின் குற்றம் அன்று. வழக்கமான 10 முதல் 46 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தந்தியின் தடிமன்) தந்தித் தொகுப்பை உரிய சுருதியில் ஏற்றினால் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 46 கிலோ விசையில் நெக்கை இழுக்கும். மேப்பிளின் வலிமையை நம்பி டிரஸ் ராடு வேண்டாம் என்றிருந்த ஃபெண்டர் நிறுவனமே, 1950இல் வந்த முதல் எஸ்கொயர் கிட்டார்களின் நெக்குகள் வளைவதைக் கண்டு, பின்னர் அதைச் சேர்த்தது.

தேக்கு ஈரத்துக்கு அதிகம் விரிந்து சுருங்காத மரம் என்பதால் நெக்குக்கு ஆகும். மரத்தின் வரி நுனி முதல் அடிவரை நேராக ஓடும் துண்டாகப் பாருங்கள். முடிச்சு இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்து, அது ஆவியான கையோடு பசை தடவாவிட்டால் ஃப்ரெட்போர்டு ஒரு நாள் பிரிந்து வரும். ஈட்டி மரத்துக்கு மரவாடியில் ரசீது கேட்டு வாங்குங்கள். 2017 முதல் அந்த மரப் பேரினம் முழுவதும், அருகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. முழுமை பெற்ற இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு வந்தது. பலகைக்கு அந்த விலக்கு பொருந்தாது.

கேள்வி: முதல் கிட்டாரைச் செய்து முடித்தேன். ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் பகுதியின் கணக்கு நீளம்) 648 மி.மீ.; நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் அமரும் பட்டை) சரியாக அந்தத் தூரத்தில் சேடில்கள் (ஒவ்வொரு தந்தியும் மறுமுனையில் அமரும், நகர்த்தக்கூடிய தாங்கிகள்) வருமாறு, அவற்றைத் தாங்கும் பிரிட்ஜைப் பொருத்தினேன். வெறும் தந்தியில் சுருதி சேர்கிறது. 12ஆவது ஃப்ரெட்டில் எல்லாத் தந்திகளிலும், குறிப்பாகத் தடித்த தந்தியில், சுருதி ஏறிவிடுகிறது. சேடிலைப் பின்னுக்குத் தள்ளவும் இடமில்லை. எங்கே தவறினேன்?
- வாசகர், சென்னை

பதில்: 'சரியாக' என்ற இடத்தில்தான் தவறினீர்கள். தந்தியை ஃப்ரெட்டின் மேல் அழுத்தும்போது அது சிறிது இழுபட்டு, கணக்குக்கு மேல் சுருதி ஏறுகிறது. தந்தி தடிக்கத் தடிக்க அதன் விறைப்பும் சேர்ந்துகொள்கிறது. அதை ஈடுகட்ட, ஒவ்வொரு தந்தியின் சேடிலும் 648ஐத் தாண்டிப் பின்னால் நிற்க வேண்டும்: மெல்லிய தந்திக்கு ஒன்றிரண்டு மி.மீ., தடித்ததற்கு நான்கைந்து மி.மீ. ஆகையால் பிரிட்ஜைப் பொருத்தும்போது, மெல்லிய தந்தியின் சேடிலை அதன் திருகில் ஏறக்குறைய முன் எல்லைக்குக் கொண்டுவந்து, அதை 648இல் வைத்துத் துளையிட வேண்டும். அப்போது மற்றவை பின்வாங்க இடம் இருக்கும்.

பிரிட்ஜைக் கழற்றும் முன் இரண்டைச் சோதியுங்கள். நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட்டின் நடுப்புள்ளி 324 மி.மீ. இருக்க வேண்டும், இல்லையென்றால் கோளாறு ஃப்ரெட்போர்டில். முதல் ஃப்ரெட்டிலேயே சுருதி ஏறினால், நட்டில் தந்தி அமரும் காடி உயரமாக இருக்கிறது. அதை அரத்தால் சிறிது சிறிதாக இறக்குங்கள். இரண்டும் சரியென்றால், பழைய திருகுத் துளைகளில் கடின மரக் குச்சியைப் பசையோடு அடித்து, ஒரு நாள் காயவிட்டு, பிரிட்ஜை 4 மி.மீ. பின்னால் வைத்துப் புதிதாகத் துளையிடுங்கள். அடைப்புகள் பெரும்பாலும் பிரிட்ஜ் தகட்டின் அடியிலேயே மறைந்துவிடும்.

அடுத்த கிட்டாருக்குப் பிரிட்ஜ், ட்யூனர் (தந்தியை முறுக்கும் திருகாணி), பிக்கப் அனைத்தையும் முதலில் வாங்கிக் காலிப்பரால் அளந்த பிறகே மரத்தில் கை வையுங்கள். விளம்பரத்தில் போட்டிருந்த அளவை நம்பி 8.5 மி.மீ. துளைகளை முன்கூட்டியே போட்டுவிட்டு, பெட்டியில் 10 மி.மீ. ட்யூனர்கள் வந்து நான் விழித்ததுண்டு.

கேள்வி: ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) போடலாமா? கையில் அதுதான் இருக்கிறது.
- வாசகர், மதுரை

பதில்: போட்டால் கெட்டுவிடாது, உச்ச ஒலிகள் சற்று மங்கும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250, ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். இருப்பதைப் பற்றவைத்து வாசித்துப் பாருங்கள். மங்கலாகத் தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம்.