பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் இருந்தா ரெண்டு மார்பையும் எடுத்தே ஆகணுமா?
ஈரோட்டு அக்கா, தங்கச்சிக்கு 38 வயசு, இடது மார்பில் 2 செ.மீ. புற்றுநோய்க் கட்டி, பிஆர்சிஏ1 பாசிட்டிவ் (மார்பு, சினைப்பைப் புற்று வர வாய்ப்பைக் கூட்டற மரபணு மாற்றம்). டாக்டர் கட்டியை மட்டும் எடுக்கலாம்ங்கிறார், சொந்தக்காரங்க ரெண்டு மார்பையும் எடுக்கச் சொல்றாங்கன்னு கேட்டிருந்தீங்க. டாக்டர் சொல்றது தப்பில்லைங்க. கட்டியை எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும் ஆயுள் குறையறதில்லை. ஆனா 20 வருஷத்துக்குள்ள வலது மார்பிலும் வர வாய்ப்பு சுமார் 40 சதவீதம். அதனால வருஷாவருஷம் எம்ஆர்ஐ, மேமோகிராம் தவறக்கூடாது. கோயமுத்தூருக்கு அலையணுமேன்னு விட்டாத்தான் வினை.

ரெண்டையும் எடுக்கறதா இருந்தா, ரேடியேஷன் தேவைப்படுமான்னு, மார்பு வடிவத்துக்காக சிலிகான் வைக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. கதிர் பட்டா சிலிகானைச் சுத்தி வடு இறுகி, வலிச்சு, மறுபடி ஆபரேஷன் வரை போகலாம்.

மார்பைப் பத்தியே பேசி சினைப்பையை மறந்துடாதீங்க. குழந்தை பெத்து முடிச்சாச்சுன்னா 35-40 வயசுக்குள்ள சினைப்பை, கருக்குழாய் ரெண்டையும் எடுக்கறதுதான் வழக்கம். சினைப்பைப் புற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான ஸ்கிரீனிங் கிடையாது. கூடப்பிறந்தவங்க நீங்க, உங்களுக்கும் இந்த மரபணு மாற்றம் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. தங்கச்சி ரிப்போர்ட்டோட போய் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்க, செலவு கம்மிங்க.