ஓட்டிசம் உள்ள பிள்ளை: கொழும்புக்கு ஓடாமல் கிழக்கிலேயே என்ன செய்யலாம்?

கேள்வி: எங்களுக்கு ஊர் களுவாஞ்சிகுடிப் பக்கம். மகனுக்கு மூன்று வயதும் நான்கு மாதமும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். இரண்டு மூன்று சொல்தான், அதுவும் எப்போதாவது. கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் காட்டினோம். ஓட்டிசம் என்றார்கள், கிழமைக்கு இரண்டு நாள் தெரபிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். கணவர் கத்தாரில். எட்டு மாதப் பெண் குழந்தையும் இருக்கிறாள். மாமியார், நான் போன் கொடுத்துத்தான் இப்படி ஆனான் என்கிறார். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் என்ன உதவி இருக்கிறது? நாங்களே படித்துப் பழகலாமா?

பதில்: கிழமைக்கு இரண்டு நாள் கொழும்பு வேண்டாம். முதலில் அந்த யோசனையை விடுங்கள். இரவு பஸ்ஸில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போய், ஒரு மணித்தியாலம் தெரபி எடுத்து, திரும்ப அதே தூரம் வந்தால், நித்திரை குழம்பிய பிள்ளை இரண்டு நாளைக்கு எதையும் கற்கிற நிலையில் இருக்காது. கைக்குழந்தையோடு நீங்களும் படுத்துவிடுவீர்கள். தூர இடத்து நிபுணரிடம் வருடத்தில் சில தடவை போகலாம். அப்படிப் போனால், "அடுத்த மூன்று மாதம் வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? நான் செய்து காட்டுகிறேன், பிழையைத் திருத்துங்கள்" என்று கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையை மட்டும் உள்ளே எடுக்கிற இடம், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், உங்கள் தூரத்துக்குச் சரிவராது. தனியாருக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து இயங்கும் அயதி நிலையம் இப்படியான பிள்ளைகளுக்கென்றே அமைந்தது.

இனி நம் பக்கம். கொழும்பில் காது பரிசோதித்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பெயர் சொன்னால் திரும்பாத, பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் கேள்திறன் பரிசோதனை முதலில் நடக்க வேண்டும். டீவி விளம்பரச் சத்தத்துக்கு ஓடி வருகிறானே, காது நல்லம்தானே என்று வீட்டில் சொல்வார்கள். அது போதாது. சில சுருதிச் சத்தங்கள் மட்டும் கேட்காத பிள்ளைகளும் உண்டு. காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள்.

அந்தக் கடிதத்துக்கான வழி உங்கள் ஊர் மருத்துவ மாதுவிடம் இருந்தே தொடங்குகிறது. பிள்ளையின் கிளினிக் கொப்பியில் வளர்ச்சிப் படிகள் குறிக்கும் பக்கம் இருக்கும். பல கொப்பிகளில் எடைக் கோடு அழகாக ஏறிப்போகும், இந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அதை நிரப்பச் சொல்லி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காட்டி, குழந்தை நல வைத்திய நிபுணருக்கு அனுப்பச் சொல்லுங்கள். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை உங்களுக்குப் பக்கம். வடக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. தெற்கே கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும். பேச்சுச் சிகிச்சையாளர், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாளில் இருப்பார்கள் என்பது இடமாற்றத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்களும் குறைவு. ஆகவே போகுமுன் போன் எடுத்துக் கேளுங்கள். ஒன்றில் வரிசை நீளமாக இருந்தால் மற்றதிலும் பதியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளினிக்கில் பிள்ளை பயந்து மூலையில் ஒதுங்கிவிடுவான், வைத்தியருக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியவராது. அதனால் வீட்டில் அவன் விளையாடுவதையும் சாப்பிடுவதையும் இரண்டு நிமிட வீடியோவாக எடுத்துப் போங்கள்.

சரி, அரச கிளினிக்கில் உங்களுக்கு மாதத்துக்கு ஒரு தவணை கிடைத்தாலே பெரிது. மிச்ச நாட்களில் பயிற்சி கொடுப்பவர் நீங்கள்தான். தனியாக நேரம் ஒதுக்கி, மேசை கதிரை போட்டு நடத்த வேண்டாம். ஏற்கெனவே நடக்கிற வேலைகளுக்குள் அதைச் செருகுங்கள்.

குளிப்பாட்டுவதை எடுத்துக்கொள்வோம். கிணற்றடியில் வாளி நிறையத் தண்ணீர். அவனுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பை ஊற்றுங்கள், "ஊத்து" என்று ஒரே சொல் சொல்லுங்கள். இரண்டாவது, மூன்றாவது கோப்பைக்கும் அப்படியே. நான்காவதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிறுத்துங்கள். பேசாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பத்து என்பது நீங்கள் நினைப்பதைவிட நீண்ட நேரம், அம்மம்மா பக்கத்தில் இருந்தால் "சொல்லு மகன், ஊத்து எண்டு சொல்லு" என்று ஐந்து தடவை சொல்லிவிடுவார். அவரையும் பொறுக்கச் சொல்லுங்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்க்கலாம், கோப்பையைத் தொடலாம், உங்கள் கையை இழுக்கலாம், "ஊ" என்று ஒரு சத்தம் வரலாம். எது வந்தாலும் அது கேட்பதுதான். உடனே "ஊத்து!" என்று சொல்லி ஊற்றுங்கள். பார்த்தால் கிடைக்கிறது, சத்தம் போட்டால் கிடைக்கிறது என்று அவனுக்குப் புரிய வேண்டும். சொல் பிறகு வரும். ஒன்றுமே வராவிட்டால் அவன் கையைப் பிடித்துக் கோப்பையில் வைத்து, ஊற்றிவிடுங்கள். அழ விட்டுப் பணிய வைக்கிற விளையாட்டாக இது மாறக் கூடாது.

இதே முறை சாப்பாட்டிலும் பொருந்தும். வாழைப்பழத்தை முழுதாகக் கையில் கொடுக்காமல் சிறு துண்டாகக் கொடுங்கள், அடுத்த துண்டுக்கு அவன் உங்களிடம் வரட்டும். ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தலாம். மூடி இறுக்கமான போத்தலில் பிஸ்கட்டைப் போட்டுக் கொடுக்கலாம். ஒரு நாளில் இப்படி இருபது முப்பது சந்தர்ப்பம் வரும். எந்தத் தெரபி அறையும் இவ்வளவு தராது.

அப்புறம் படங்கள். கடையில் விற்கும் ஆப்பிள், ஆரஞ்சுப் படம் வேண்டாம். அவனுடைய சொந்தக் கோப்பை, உங்கள் வீட்டுப் படலை, உங்கள் மலசலகூடக் கதவு, பிட்டுத் தட்டு, அவன் ஏறும் சைக்கிள், இவற்றைப் போனில் படம் எடுத்து, டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்து லமினேட் பண்ணுங்கள். பின்னால் வெல்க்ரோ ஒட்டிக் குசினிச் சுவரில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். முதலில் இரண்டே படம். படத்தை எடுத்துத் தந்தால் பொருள் உடனே கிடைக்க வேண்டும். படத்துக்குப் பழகினால் பேச்சு வராது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது.

வீட்டுமொழியை விட்டுவிட்டு இங்கிலீஷில் பேசச் சொல்லியும் ஆலோசனை வரும். கார்ட்டூனில் இங்கிலீஷ் எழுத்துகளை ஒப்புவிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்த ஆசை இன்னும் கூடுதல். இரண்டு மொழி ஓட்டிசப் பிள்ளையைப் பின்தள்ளுவதில்லை. ஆனால் உங்களுக்கே சரளமில்லாத மொழியில் நீங்கள் கொஞ்சவும் முடியாது, கண்டிக்கவும் முடியாது. தமிழிலேயே பேசுங்கள்.

படிப்பதற்குக் கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயது வரையான, வளர்ச்சியில் தாமதமுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கென்று ஒரு பராமரிப்பாளர் பயிற்சியை உருவாக்கியிருக்கிறது. அதில் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டு வருகைகளும் உண்டு. அதன் இணையவழிப் பாடத்தை ஆங்கிலத்தில் இலவசமாகப் படிக்கலாம். அந்த வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள். கத்தாரில் இரவு அறையில் இருந்து ஒவ்வொரு பாடமாகப் படித்து, வட்ஸ்அப்பில் தமிழில் குரல்பதிவாக அனுப்பட்டும். காசு அனுப்புவதோடு தன் பங்கு முடிந்தது என்ற எண்ணமும் அவருக்கு வராது.

தமிழ் யூடியூப்பில் சென்னைப் பக்கத்துச் சிகிச்சையாளர்களின் நல்ல வீடியோக்கள் இருக்கின்றன, குப்பையும் இருக்கிறது. பிரிக்க ஒரு சுலபமான வழி: "முழுதாகக் குணமாக்குவோம்" என்றால் மூடிவிடுங்கள். ஸ்டெம் செல் (மூல உயிரணுக்களை உடலில் ஏற்றும்) சிகிச்சைக்கு இந்தியாவுக்குப் போகக் காணி விற்க யோசிப்பவர்கள் நம் பகுதியிலும் உண்டு. ஓட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் சொல்லிவிட்டது. கோயிலுக்கு நேர்த்தி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கிளினிக் நாள் தவறாமல் இருந்தால் சரி. திருவிழாவில் வெடி கொளுத்தும் நேரத்தில் மட்டும் பிள்ளையைத் தள்ளி வைத்திருங்கள்.

மாமியாருக்கு: போன் ஓட்டிசத்தை உண்டாக்காது. ஆனால் இந்த வயதில் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான அறிவுரை. போன் பார்க்கிற நேரம் உங்களோடு பழகாத நேரம் என்பதால் குறைப்பது நல்லது. தடுப்பூசியையும் குறை சொல்வார்கள். அந்தக் கதைக்கு மூலமான 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் அதை மீளப் பெற்றுக்கொண்டது. மகனுக்கு மூன்று வயது எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ரூபெல்லா தடுப்பு) ஊசி போடாமல் விட்டிருந்தால் இந்த மாதமே போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் இருப்பது எழுவான்கரை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் வீட்டுக்கு வீடு கிணறு. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சத்தமில்லாமல் வீட்டை விட்டு நழுவுவார்கள், நேரே தண்ணீரைத் தேடிப் போவார்கள். அமெரிக்காவில் இப்படி நழுவி இறந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் தண்ணீரில்தான் இறந்திருக்கிறார்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்பதால், தேடிப் போகிறவர் கத்துவதிலும் பயனில்லை. கிணற்றுக் கட்டு அவன் நெஞ்சுக்கு மேல் இருக்க வேண்டும், இரும்பு வலை மூடியும் வேண்டும், கட்டுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கக்கூடிய வாளியோ கல்லோ இருக்கக் கூடாது. படலைக்கு அவன் கைக்கு எட்டாத உயரத்தில் கொளுக்கி போடுங்கள். அயல் வீடுகளுக்கும் ஒழுங்கை முனைக் கடைக்கும் சொல்லி வையுங்கள்: "இவன் தனியாகப் போவதைக் கண்டால் பிடித்து வையுங்கள், பேச மாட்டான்." மறைக்க வேண்டாம், ஊருக்குத் தெரிந்திருப்பதுதான் பாதுகாப்பு. காணாமல் போனால் முதலில் கிணறு, பிறகு தண்ணீர்க்கரை, அதற்குப் பிறகுதான் சொந்தக்காரர் வீடுகள். நீந்தப் பழக்க ஒருவர் கிடைத்தால் சீக்கிரமே பழக்குங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இப்போதைக்குப் பிள்ளைகள் குறைவான ஒரு முன்பள்ளியில் ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், எந்த ரீச்சர் பொறுமைசாலி என்பது அவருக்குத் தெரியும். முதலாம் வகுப்புக்கு விண்ணப்பம் முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கோரப்படும். அதற்கு முன் பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். அம்பாறை மாவட்டத் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களில் இதே கதவைத் தட்டலாம். விசேட கல்வி அலகு ஒன்றைக் காட்டினால், இடைவேளை நேரத்தில் போய் நின்று பாருங்கள். பிள்ளைகள் காலை முழுக்க நிறம் தீட்டிக்கொண்டே இருக்கிறார்களா, மலசலகூடத்துக்கு யார் கூட்டிப்போகிறார்கள், மற்ற வகுப்புப் பிள்ளைகளோடு விளையாட விடுகிறார்களா என்று கவனியுங்கள். 5 முதல் 16 வயது வரை கல்வி இந்த நாட்டில் கட்டாயம். "இப்படியான பிள்ளையை எடுக்க மாட்டோம்" என்று அதிபர் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், இடம் தருவார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுக்குக் கிராம சேவகர் ஊடாகப் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். அரச வைத்தியரின் அறிக்கை கேட்பார்கள், கொழும்புத் தனியார் அறிக்கை மட்டும் போதும் என்று நம்பிப் போகாதீர்கள். உங்களுக்கே நித்திரை இல்லாமல், அழுகை நிற்காமல் இருந்தால் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரத்திலும் பேசலாம்.

கடைசியாக, மகள். மூத்த பிள்ளைக்கு ஓட்டிசம் இருந்தால் அடுத்ததற்கும் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. பயப்படச் சொல்லவில்லை, கவனிக்கச் சொல்கிறேன். ஓட்டிச அறிகுறி உண்டா என்று அறிய 16 முதல் 30 மாதத்துக்குள் கேட்கும் எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் உண்டு. ஆனால் அதில் தேறிவிட்டாள் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். குழந்தை மனநல நிபுணர் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவின் குழு நம் நாட்டில் 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசம் தெரிந்தது. தாய்மார் நிரப்பிய அந்தக் கேள்விப் பட்டியலின் முந்தைய வடிவம் அவர்களில் பெரும்பாலானோரைத் தவறவிட்டிருந்தது. பிறகு அதே குழு, கேள்விகளோடு படங்களையும் காட்டித் தாயிடம் கேட்கும் முறை ஒன்றை உருவாக்கியது. ஆகவே மகள் ஒரு வயதில் விரலால் சுட்டிக் காட்டுகிறாளா, நீங்கள் காட்டும் பக்கம் பார்க்கிறாளா என்று பாருங்கள். இல்லையென்றால் மகனைக் காட்டும் அதே கிளினிக் நாளில் அவளையும் தூக்கிக்கொண்டு போங்கள், தனித் தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்.