திரில்லர் படம் பார்த்த பயத்தில் எட்டுக் கேமரா வாங்கலாமா?

கேள்வி: வீடு புகுந்து கொள்ளையடிக்கும் ஒரு திரில்லர் படம் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. அம்பாசமுத்திரத்தில் பழைய ஓட்டு வீட்டில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். எட்டுக் கேமராவுக்கு ஒருவர் 48,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் கதவைப் பாருங்கள்.

வருகிறவன் வீட்டை நோட்டம் பார்த்துவிட்டுத்தான் வருவான் என்பதை இந்த வகைப் படங்கள் சரியாகவே காட்டுகின்றன. அந்தப் பதைபதைப்பு நியாயமானது. பூட்டு விஷயத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கொண்டை ஊசியால் திறப்பதெல்லாம் திரையில். கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினால் கொண்டி ஸ்க்ரூவோடு பெயர்ந்து வந்துவிடும். பல வீடுகளில் முக்கால் இஞ்ச் ஸ்க்ரூதான் போட்டிருக்கிறது. கதவை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, உட்பக்கம் வாஷர் வைத்து நட் முடுக்கச் சொல்லுங்கள். கதவு நிலையில் கரையான் இருந்தால் இதுவும் நிற்காது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

இருட்டியதும் எல்லாக் கதவையும் பூட்டுங்கள். கழிப்பறை புறவாசலில் இருந்தால் மட்டும் இது நடக்காது. ராத்திரி இரண்டு தடவை எழும்பும் பெரியவர் கதவைத் திறந்துபோட்டுத்தான் போவார். அடுக்களைக் கதவிலிருந்து கழிப்பறை வரை, மேலேயும் சேர்த்து, கம்பி அடைத்துவிடுங்கள். முடியாவிட்டால் வீட்டுக்குள்ளேயே ஒரு கழிப்பறை கட்டுங்கள். கேமராக் காசு அதற்குப் போகட்டும்.

கேமரா இரண்டு போதும்: வாசலுக்கொன்று, புறவாசலுக்கொன்று. எட்டடி உயரத்தில் வையுங்கள். அதற்கு மேலே போனால் தலைதான் தெரியும், முகம் தெரியாது. காட்சிகள் பதிவாகும் பெட்டியைப் பட்டாசலில் (கூடத்தில்) டிவிக்குக் கீழே வைத்தால் அதையும் தூக்கிக்கொண்டு போவான். மச்சில் வைத்து, கரண்ட் போனாலும் ஓட சிறிய யுபிஎஸ் கொடுங்கள்.

மாட்டுகிற ஆளிடம்தான் மிகவும் கவனம் வேண்டும். தன் செல்போனிலேயே கேமராவுக்கான கணக்கைத் தொடங்கி, பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உங்கள் அப்பா எப்போது வெளியே போகிறார் என்பது அந்த ஆளுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். கணக்கு உங்கள் எண்ணில் இருக்க வேண்டும். மாட்டுகிற ஆள் போனதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். செம்பு வயர் என்று சொல்லி, செம்பு பூசிய அலுமினியத்தை இழுத்துவிடுவார்கள். நுனியைச் சுரண்டிப் பாருங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

2019 ஆகஸ்டில் கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில், அரிவாளோடு வந்த இருவரை வயதான தம்பதி நாற்காலியால் விரட்டியடித்த காட்சி நாடெங்கும் பரவியது. அவர்கள் துணிச்சல் பெரிது. ஆனால் திண்ணைப் பக்கம் உட்கார்ந்திருந்தவரின் கழுத்தில் பின்னாலிருந்து துணி போட்டு இறுக்கியதையும் அதே கேமராதான் பதிந்தது. பதிந்தது, தடுக்கவில்லை. உங்கள் பெற்றோர் எதிர்த்து நிற்க வேண்டாம். நகை வங்கி லாக்கரில் இருக்கட்டும், அவசர உதவி எண்ணான 112 செல்போனில் முதல் எண்ணாக இருக்கட்டும்.

தெருவிளக்கு எரியவில்லை என்று மனுக் கொடுத்தால் மாதக்கணக்கில் கிடக்கிறது. வயதானவர்கள் இருக்கும் தெருவுக்கு ஒரு பல்பு மாட்ட இத்தனை கையெழுத்து எதற்கு? மனு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, வாசலில் ஒன்பது வாட் எல்இடி ஒன்றை நீங்களே மாட்டிவிடுங்கள். ஸ்விட்ச் வீட்டுக்குள் இருக்கட்டும்.