வாங்கும் முன் கேளுங்கள்: சபைக்குப் புதுக் கீபோர்டு

அறுப்பின் பண்டிகையும் கிறிஸ்துமஸும் நெருங்கினாலே சபைகளிலிருந்து இசைக்கருவி பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். காணிக்கைப் பணத்தில் வாங்கும் பொருள் என்பதால் இந்த முறை கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் எங்களுடையது ஒரு கிராமச் சபை, சுமார் 120 குடும்பம். ஆலயத்துக் கீபோர்டு பழசாகிவிட்டது. சில கீகளை அழுத்தினால் சத்தமே வருவதில்லை. வருகிற சத்தமும் கரகரவென்று இருக்கிறது. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஒன்றரை லட்சத்தில் சிந்தசைசர் வேண்டும் என்கிறார்கள். பெரியவர்களோ, பாமாலை பாட இவ்வளவு எதற்கு என்கிறார்கள். எதை வாங்கலாம், எவ்வளவு திரட்டலாம்?

பதில்: நீங்கள் சொல்லியிருப்பது இரண்டு தனித்தனிக் குறைகள். கீ பேசாமல் போவது கீபோர்டின் குறை. சத்தம் கரகரப்பது கீபோர்டின் குறையாகவும் இருக்கலாம், ஆலயத்து மைக்செட்டின் குறையாகவும் இருக்கலாம். பணம் திரட்ட அறிவிப்புக் கொடுப்பதற்கு முன்பு ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய கீபோர்டில் ஹெட்போனை மாட்டி, வாசிப்பவர் ஒரு பாமாலை வாசிக்கட்டும். கமிட்டியில் இரண்டு பேர் மாறி மாறிக் கேளுங்கள். ஹெட்போனில் சத்தம் சுத்தமாக இருந்தால், நீங்கள் ஒன்றரை லட்சம் போட்டுப் புதுசு வாங்கினாலும் ஆலயத்தில் அதே கரகரப்புத்தான் கேட்கும்.

பல கிராம ஆலயங்களில் இருப்பது பிரசங்கத்துக்காக வாங்கிய ஆம்ப்ளிஃபையர். அதில் மைக் சொருகும் துளையிலேயே கீபோர்டு வயரையும் சொருகிவிடுகிறார்கள். மைக்கிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது, கீபோர்டிலிருந்து வருவது அதைவிடப் பல மடங்கு பெரியது. அதனால்தான் சத்தம் உடைகிறது. ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் லைன் அல்லது ஆக்ஸ் என்று எழுதிய துளை இருந்தால் அதில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு வயர் செலவோடு பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம். வெளியே கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரில் பேஸ் எனப்படும் அடிச்சத்தம் வரவே வராது. அது பேச்சு தூரத்துக்குக் கேட்பதற்காகச் செய்தது, அதற்காகக் கீபோர்டைக் குறை சொல்லக் கூடாது.

பேசாத கீகளுக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு கீக்கும் கீழே கார்பன் பூசிய ரப்பர் இருக்கும். தூசியும் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் சேர்ந்தால் அது பழுதாகிவிடும். சுத்தம் செய்தோ, ரப்பரை மாற்றியோ சரி செய்யலாம். புதுசு வாங்குவதென்று முடிவு செய்தாலும் இந்தப் பழையதைச் சரி செய்து வைத்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன்.

சரி, புதுசுதான் வேண்டும் என்றால் எதை வாங்குவது? சிந்தசைசர் என்று பிள்ளைகள் சொல்வது ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, எக்ஸ்பிஎஸ்-30 போன்றவையாக இருக்கும். நல்ல கருவிகள்தான், தமிழ்நாட்டுச் சபைகளில் பரவலாகப் பார்க்கலாம். ஆனால் இவற்றில் உள்ளேயே ஸ்பீக்கர் கிடையாது. ஆம்ப்ளிஃபையர் ஓடவில்லை என்றால் சத்தமே இல்லை. குடும்ப ஜெபக்கூட்டத்துக்கோ கரோல் பவனிக்கோ எடுத்துப்போனால் கூடவே ஒரு ஸ்பீக்கரையும் தூக்க வேண்டும். யமஹா பிஎஸ்ஆர், கேசியோ சிடி-எக்ஸ் வரிசைகளில் ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிறது. அவற்றில் யமஹா பிஎஸ்ஆர்-இ473 போன்ற சிறிய மாடல்கள் ஆறு பென்டார்ச் பேட்டரியிலும் ஓடும். கரண்ட் போகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. அந்த மாடலில் ஆலய மைக்செட்டுக்கு இணைக்கத் தனி லைன் அவுட் துளைகளும் உண்டு. விலை மிகக் குறைவான மாடல்களில் இந்தத் துளை இருக்காது, ஹெட்போன் துளையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அழுத்தத்துக்கு ஏற்றபடி சத்தம் ஏறி இறங்கும் டச் ரெஸ்பான்ஸும் இருக்காது. மென்மையாக ஆரம்பித்து மெல்ல ஏறும் ஒரு பாட்டை அதில் வாசிக்கவே முடியாது. இந்த இரண்டும் இல்லாத கருவியை ஆலயத்துக்கு வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

பாமாலைக்கு 61 கீ போதும். ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற மேல்நாட்டு இசைக்குறிப்பைப் பார்த்து நான்கு குரலும் வாசிக்கிறவர், பியானோவில் பழகியவர் உங்கள் சபையில் இருந்தால் மட்டும் 88 கீ டிஜிட்டல் பியானோ பற்றி யோசிக்கலாம். அவை பெரும்பாலும் பத்து கிலோவுக்கு மேல் கனம், ஒரே இடத்தில் வைத்து வாசிக்கத்தான் சரிப்படும்.

கீர்த்தனைக்கு ரிதம் பட்டனைத் தட்டிவிட்டு வாசிக்கும் பழக்கம் பற்றி ஒரு வார்த்தை. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து கீர்த்தனைகள் ராகம், தாளம் குறித்துப் பாடப்பட்டவை. அவற்றின் மேல் மேல்நாட்டு நாலடி ரிதத்தை ஓடவிட்டால் பாட்டு அதற்குள் அடங்காது, சபையார் இழுத்துப் பாடும் இடத்தில் மெஷின் நிற்காமல் ஓடும். யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ500, கேசியோவின் இந்திய மாடல்கள் ஆகியவற்றில் தபேலா ரிதங்கள் உண்டு. அவற்றையும் கடையில் உங்கள் ஊர்க் கீர்த்தனை ஒன்றை வாசித்துப் பார்த்த பிறகே நம்புங்கள். கடைக்காரர் வாசித்துக் காட்டும் டெமோவில் எல்லாக் கருவியும் அழகாகத்தான் கேட்கும். வாசிக்கிறவரைக் கடைக்குக் கூட்டிப்போகாமல் கமிட்டியார் மட்டும் போய் வாங்கி வருவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் கருத்து இது: ஒன்றரை லட்சத்தையும் கருவியிலேயே போடாதீர்கள். அதில் பாதிக்குள் ஸ்பீக்கரும் லைன் அவுட்டும் உள்ள நல்ல 61 கீ கருவி ஒன்று வாங்க முடியும். மீதியை மைக்செட்டைச் சீராக்கவும், உறுதியான ஸ்டாண்டு, சஸ்டெயின் பெடல், உறை, ஆம்ப்ளிஃபையர் தூரத்தில் இருந்தால் ஹம் சத்தத்தைத் தடுக்கும் டிஐ பாக்ஸ், ஒரு சிறு யுபிஎஸ் ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். இவற்றையெல்லாம் சேர்த்த மொத்தத் தொகையைச் சபைக்கு முதலிலேயே அறிவியுங்கள். கீபோர்டு விலையை மட்டும் சொல்லிப் பணம் திரட்டிவிட்டு, ஸ்டாண்டுக்கு இன்னொரு காணிக்கை, வயருக்கு இன்னொன்று என்று கேட்டால் கொடுப்பவர்களுக்கு அலுப்புத் தட்டும்.

பழையதைச் சரி செய்து வைக்கச் சொன்னதன் காரணம் இதுதான். பெரும்பாலான கிராமச் சபைகளில் வாசிக்கத் தெரிந்தது ஒரே ஒரு பையனுக்கு. அவன் காலேஜுக்குக் கோயம்புத்தூரோ சென்னையோ போனதும் கருவி உறைக்குள் தூங்கும். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் கடைக்காரர் பழையதற்குப் பெரிதாக ஒன்றும் கழிக்க மாட்டார். அதை ஞாயிறு பள்ளி அறையில் வைத்து இரண்டு மூன்று பிள்ளைகளைப் பழக்குங்கள், பெண் பிள்ளைகளையும் சேர்த்து.

கேள்வி: நான் சபைப் பொருளாளர். கீபோர்டு நிதிக்காகக் குலுக்கல் கூப்பன் அடித்து விற்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வாலிபர் சங்கச் செயலாளரின் ஜிபே நம்பருக்குப் பணம் அனுப்பச் சொல்லலாமா? கொடுப்பவர்களுக்கு வருமான வரி விலக்கு உண்டா?

பதில்: குலுக்கல் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. காசு வாங்கிச் சீட்டு விற்று, குலுக்கிப் பரிசு கொடுப்பது எந்த நல்ல காரியத்துக்காக இருந்தாலும் வம்பில் கொண்டுபோய் விடும்.

தனிநபர் நம்பரும் வேண்டாம். அந்தத் தம்பி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி, சபைப் பணமும் அவருடைய ரீசார்ஜ் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பிறகு பிரித்துக் காட்டுவது கஷ்டம். நாளைக்கு யாராவது ஒருவர் சந்தேகப்பட்டுக் கேட்டால் அவர்தான் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். சபையின் வங்கிக் கணக்குக்கே யுபிஐ க்யூஆர் அட்டை தரும்படி வங்கியில் கேளுங்கள். ரொக்கமாகக் கொடுப்பவர்களுக்கு எண் அச்சிட்ட ரசீது கொடுங்கள். "இசைக்கருவி நிதி" என்று தனித் தலைப்பில் வரவு எழுதி, மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒருவேளை பணம் மிஞ்சினால் எதற்குச் செலவு செய்வோம் என்பதையும் ஆரம்பத்திலேயே கமிட்டித் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். கீபோர்டுக்கென்று கொடுத்த பணத்தைச் சுவருக்கு வெள்ளையடிக்க எடுத்தால், அது நல்ல செலவாகவே இருந்தாலும், கொடுத்தவருக்கு மனவருத்தம்தான்.

வரி விலக்கைப் பொறுத்தவரை, சபையின் வழிபாட்டுக்குக் கொடுக்கும் காணிக்கைக்குப் பொதுவாக 80ஜி என்று சொல்லும் நன்கொடை வரிக் கழிவு கிடையாது. ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் நன்மைக்காக மட்டும் இயங்கும் அமைப்புக்கு அந்த அங்கீகாரம் தருவதில்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை. ஆகவே ரசீதில் அப்படி எதையும் அச்சிட்டுவிடாதீர்கள்.

பணம் திரட்ட உங்கள் கையிலேயே நல்ல வழிகள் இருக்கின்றன. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு நாள் வரவை இந்த நிதிக்கென்று அறிவிக்கலாம். ஒருவர் ஒரு வாழைத்தாரைச் சந்தை விலைக்கு மேல் பல மடங்கு கொடுத்து எடுப்பார், எடுத்ததை மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார், அதை இன்னொருவர் எடுப்பார். ஒரே தார் சாயங்காலத்துக்குள் எத்தனை கை மாறும் என்பது உங்களுக்கே தெரியும். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அச்சுமுறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கலாம். கரோல் பவனிக் காணிக்கையை ஒதுக்கலாம். அடுப்பில் உலை வைக்கும்போது எடுத்து வைக்கும் பிடி அரிசிக் காணிக்கை இன்னும் உங்கள் ஊரில் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும், கையில் காசு இல்லாத பாட்டிமார்களுக்கும் அந்தக் கருவியில் பங்கு கிடைக்கிறது.

ஒரே குடும்பம் முழுத்தொகையும் தருகிறேன் என்று முன்வந்தால் நன்றியோடு பெறலாம். ஆனால் கருவி சபையின் சொத்து, சபைச் சொத்துப் பதிவேட்டில் ஏறும், யார் வாசிப்பது என்பதைக் கமிட்டி தீர்மானிக்கும் என்பதை முதலிலேயே அன்போடு சொல்லிவிடுங்கள். எங்கள் அப்பா நினைவாகக் கொடுத்த கீபோர்டை அவன் எப்படித் தொடலாம் என்ற சண்டை பல ஊர்களில் நடந்திருக்கிறது. என்னைக் கேட்டால், ஐம்பது வீட்டார் ஐந்நூறும் ஆயிரமுமாகக் கொடுப்பதைத்தான் நான் விரும்புவேன்.

கேள்வி: எங்கள் ஊர்க்காரர்கள் துபாயிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் உதவி கேட்கலாமா? கனடாவில் இருப்பவர் கீபோர்டையே வாங்கிக்கொண்டு வருகிறேன் என்கிறார்.

பதில்: இங்கே பாஸ்போர்ட்தான் முக்கியம். துபாயில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடிமகனாகவே இருப்பவர், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. கனடா குடியுரிமை வாங்கிவிட்டவர், நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர். அவருடைய பணத்தை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவு உள்ள அமைப்புத்தான் வாங்கலாம். அதுவும் டெல்லியிலுள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் அதற்கெனத் திறந்த கணக்கில்தான் வர வேண்டும். பொருளாகக் கொடுத்தாலும் இதே சட்டம்தான். ஆகவே அவரிடம் எதையும் வாங்கும் முன்பு உங்கள் சபையை நிர்வகிக்கும் திருமண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். உறவினர் ஒருவர் கணக்கு வழியாகச் சுற்றிக் கொண்டுவரும் யோசனையை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

துபாய்க்காரர் கருவியாகக் கொண்டுவந்தாலும் எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. சுங்கவரி கட்ட வேண்டி வரலாம், அங்கே வாங்கியதற்கு இங்கே வாரன்டி பெரும்பாலும் செல்லாது. யமஹா 2019 முதல் சென்னைக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை வைத்துக் கீபோர்டு செய்கிறது, இங்கே கிடைக்காத பொருள் ஒன்றும் இல்லை. அமெரிக்கா, கனடா பக்கமிருந்து வரும் எந்த மின்கருவியானாலும் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 120 மட்டும் போட்டிருந்தால் நம் ஊர்ப் பிளக்கில் சொருகிய உடனே புகைந்துவிடும்.

கேள்வி: கச்சேரிக் குழுவில் வாசிப்பவர் ஒருவர் தன் பழைய கீபோர்டைக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், பொறுமையாகப் பார்த்து. எல்லாக் கீயையும் ஒருமுறை மெதுவாக, ஒருமுறை பலமாக அழுத்திப் பாருங்கள். நடுவில் இருக்கும் கீகள்தான் அதிகம் தேய்ந்திருக்கும். சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்டைத் தள்ளிவிட்டால் சுருதி சரியாகப் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். அவுட்புட் துளையில் வயரைச் சொருகி லேசாக அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வரக் கூடாது. அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகும் கேளுங்கள். அசல் பில் இருக்கிறதா என்று பார்த்து, சீரியல் நம்பரை ஒப்பிட்டு, விற்றவர் கையெழுத்தோடு ஒரு ரசீது வாங்குங்கள். ஆலயத்துக்குள் திருட்டுப் பொருள் வந்துவிடக் கூடாது.

கேள்வி: புதுசு வாங்கிய ஒரே மாதத்தில் இரண்டு கீ வேலை செய்யவில்லை. கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்கள் என்று கை விரிக்கிறார்.

பதில்: விற்றவர் அப்படி ஒதுங்க முடியாது. பழுதான பொருளுக்குக் கடைக்காரர், தயாரிப்பாளர் இருவரும் பதில் சொல்ல வேண்டும். கீ அழுத்துவதும் சத்தம் வராததும் தெரியும்படி போனில் வீடியோ எடுத்து, பில் நகலோடு இருவருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அதன்பிறகும் நடக்கவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை அக்கம்பக்கத்து மெக்கானிக் யாரும் கருவியைத் திறக்க வேண்டாம், ஸ்க்ரூவில் கை பட்டதும் வாரன்டி போய்விட்டது என்பார்கள்.