போரை முடிக்கத்தான் போட்டார்கள் என்றால் நாகசாகி எதற்கு?

"ஜப்பான் மீது அணுகுண்டு போட்டதால்தான் இரண்டாம் உலகப்போர் முடிந்தது, லட்சக்கணக்கானோர் பிழைத்தார்கள். அப்படியானால் அது நியாயம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமில்லை என்பதுதான் என் பதில். ஆனால் ஹிரோஷிமாவை வைத்து வாதாடப் போவதில்லை. அங்கே எதிர்த்தரப்பிடமும் சரக்கு இருக்கிறது. 1945-இல் ஜப்பானின் ஒக்கினாவா என்ற ஒரு தீவைப் பிடிக்கவே அமெரிக்கத் தரப்பில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஜப்பானிய வீரர்களும் தீவு மக்களும் செத்தது அதைப்போலப் பல மடங்கு. போர் நீண்ட ஒவ்வொரு நாளும் சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஜப்பானியப் பிடியில் ஜனங்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். மலாயா தோட்டங்களிலிருந்து, ஜப்பானியர்கள் போட்ட சயாம்-பர்மா (தாய்லாந்து-பர்மா) ரயில் பாதை வேலைக்கு இழுத்துப்போகப்பட்டு, திரும்பி வராத தமிழர்களின் வீட்டாரிடம் போய் ஜப்பானுக்காகப் பரிந்து பேசிப் பாருங்கள், தெரியும்.

சரி, நாகசாகிக்கு வருவோம். ஹிரோஷிமாவுக்கும் அதற்கும் நடுவில் மூன்றே நாள். என்ன குண்டு என்று பார்க்க அனுப்பப்பட்ட விஞ்ஞானி நிஷினா ஹிரோஷிமா போய்ச் சேர்ந்ததே ஆகஸ்ட் 8-ஆம் தேதி. 9-ஆம் தேதி விடிவதற்குள் சோவியத் படை, ஜப்பான் பிடியிலிருந்த மஞ்சூரியாவுக்குள் புகுந்துவிட்டது. அன்று காலை ஜப்பானின் உச்சப் போர்க்குழு சரணடைவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் நாகசாகி செய்தி வருகிறது. வந்த பிறகும் குழுவின் ஆறு பேரும் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தே நின்றார்கள்.

இந்த இரண்டாவது குண்டைப் போடலாம் என்று தனியாக யார் முடிவெடுத்தார்கள்? யாருமில்லை! அமெரிக்க ராணுவத்தின் ஜூலை 25 உத்தரவிலேயே, அடுத்தடுத்த குண்டுகள் தயாரானதும் போடலாம் என்று எழுதியாகிவிட்டது. 11-ஆம் தேதிக்கு இருந்ததை, வானிலை கெடும் என்று 9-க்கு முன்னே இழுத்தார்கள். விமானம் முதலில் போனது கொக்குரா என்ற வேறொரு நகரத்துக்கு. மூன்று முறை சுற்றியும் மேகமும் புகையும் மறைத்தன. எரிபொருள் குறையவே நாகசாகி பக்கம் திரும்பியது. அங்கும் மேகம், கிடைத்த இடைவெளியில் போட்டார்கள். குறி தப்பி உரகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. தேவாலயத்தில் பாவமன்னிப்புக்கு வந்திருந்தவர்களும் தப்பவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 70,000 பேர் இறந்துபோனார்கள். தன் அனுமதியில்லாமல் இனி போடக்கூடாது என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் நிறுத்தியது குண்டு விழுந்த மறுநாள்தான்.

வேறு வழியில்லை என்று சொல்ல, வழி தேடிய ஆள் ஒருவராவது இருக்க வேண்டாமா? இரண்டு நகரங்களும் அதே ஒரு உத்தரவில்தான் இருந்தன. அதனால் ஹிரோஷிமாவுக்குச் சொல்லும் சமாதானத்தையும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. மனம் வைத்தால் ஒரு ஊரை விட்டுவிட அவர்களுக்குத் தெரியாமலும் இல்லை: கியோட்டோ நகரம் கூடாது என்று அமெரிக்கப் போர் அமைச்சர் ஸ்டிம்சன் அடம்பிடித்து, குண்டு போடும் பட்டியலிலிருந்து அதை நீக்கவைத்தார்.

"அப்படியானால் ஜப்பானில் படையை இறக்கி இரு பக்கமும் சாகவிட வேண்டுமா?" என்று கேட்பீர்கள். அந்தப் படையிறக்கத்துக்குக் குறித்திருந்த நாள் நவம்பர் 1. கையில் ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தது.