ரோடியம் போட்ட கொலுசு ஏன் கருக்குது?

கேள்வி: அண்ணா, பொண்ணுக்கு ரோடியம் போட்ட வெள்ளிக் கொலுசு வாங்கினோம், கருக்கவே கருக்காதுன்னு கடைல சொன்னாங்க, இப்ப வளையம் உரசுற இடமெல்லாம் மஞ்சளும் கருப்புமா இருக்கு. விபூதி போட்டு தேய்க்கலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: வேண்டாம்மா, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம், மிச்சமிருக்கற பூச்சும் போயிடும். ரோடியம் கருக்காதுங்கறது நெஜம்தான், அது பிளாட்டினம் வகையறா உலோகம், வெள்ளி மேல மெல்லிசா பூசறாங்க, காத்துல இருக்கற கந்தகம் அத ஒண்ணும் பண்ணாது, ஆனா பூச்சு இருக்கற வரைக்கும்தானே? நகைல போடறது பெரும்பாலும் அரை மைக்ரான் கூட வராது, தலைமுடி கனத்துல நூத்துல ஒரு பங்குக்கும் கம்மி. கொலுசோ நாள் முழுக்க உரசுது. தேஞ்ச இடத்துல வெள்ளி வெளிய தெரியுது, வெள்ளி கருக்கறப்ப மொதல்ல மஞ்சளாத்தான் ஆரம்பிக்கும். வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் சோப்பு போட்டு மெல்லிசு துணில தொடைங்க, போதும். அடுத்த தடவ புள்ளைக்கு தெனம் போடற கொலுசுன்னா ரோடியம் இல்லாத வெள்ளியே வாங்குங்க, கருத்தா பூந்திக்கொட்டை தண்ணில ஊறப்போட்டு தேய்ச்சுக்கலாம்.

கேள்வி: சின்னதா பட்டறை வெச்சு வெள்ளி மோதிரம் பண்றேன். ரோடியம் போட்டா ஒரு நாள் கண்ணாடி மாதிரி வருது, ஒரு நாள் மங்கலா வருது, சிலது உரியுது. கட்டுப்படியும் ஆகல, விட்டுடலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: விடாதீங்க தம்பி, இது சரி பண்ணக்கூடியதுதான். வெள்ளி மேல நேரா ரோடியம் போடறீங்களான்னு பாருங்க, ரோடியம் பூச முக்கற கரைசல்ல இருக்கற ஆசிட் வெள்ளியையும் செம்பையும் அரிச்சு கரைசலுக்குள்ள எறக்கிடும், அப்புறம் அடுத்து முக்கற பீஸெல்லாம் மங்கும். நடுவுல நிக்கலோ பல்லேடியமோ ஒரு பூச்சு கண்டிப்பா வேணும். உரியறதுக்கு முக்காவாசி காரணம் எண்ணெய், பாலிஷ் மெழுகு, கைரேகை, அதனால சுத்தம் பண்ணின பின்னாடி வெறும் கையால தொடாதீங்க, அலசறதுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும், நம்ம பக்கத்து போர் தண்ணி உப்பும் சுண்ணாம்புமா இருக்கும், வேலைக்கு ஆகாது. கரண்ட் விட்டு பூசறப்ப வோல்ட் ஏறினா ஓரமெல்லாம் கருகும், கரைசல் பாட்டில்ல போட்டிருக்கற அளவத் தாண்டாதீங்க. கீறல ரோடியம் மூடாது, இன்னும் எடுத்துத்தான் காட்டும், அதனால பத்தவைக்கற வேலை, பாலிஷ் எல்லாம் முடிச்சிட்டு கடைசியாத்தான் அது. ஏற்கனவே ரோடியம் போட்ட மோதிரத்த அளவு மாத்த யாராவது கொண்டு வந்தா, சூடு பட்டதும் கருத்துடும், ஆசிட்ல போட்டாலும் பூச்சு கரையாது, ராவி எடுத்து பத்தவெச்சு திரும்பப் போடணும், இந்தக் கூலிய கஸ்டமர்கிட்ட மொதல்லயே பேசிடுங்க.

கட்டுப்படி ஆகாதது உங்க கையில மட்டும் இல்ல தம்பி. 2021 மார்ச்ல ஒரு அவுன்ஸ் ரோடியம் 29,000 டாலர் பக்கம் போச்சு, 2023-ல 5,000-க்கும் கீழ வந்துச்சு. பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவுல பிளாட்டினத்தோட சேர்ந்து வர்ற உலோகம், முக்காவாசிக்கு மேல கார் புகைய சுத்தம் பண்ற கருவிக்கே போகுது, நகைக்காரங்க நாம வாங்கறது சொற்பம், வெலைய நாம அசைக்க முடியாது. அதனால பூச்சுக் கூலிய வருஷத்துக்கு ஒரே ரேட்டா பேசாதீங்க, செய்கூலில கலக்காம தனியா எழுதுங்க. ஆர்டர் கம்மியா இருக்கறப்ப சேலத்துல ஜாப் ஒர்க் பண்றவங்ககிட்ட குடுத்து வாங்குங்க, கரைசல வாங்கி வெச்சு காசு முடக்க வேண்டாம்.

கேள்வி: ரோடியம் போட்ட வெள்ளி மெட்டி, விரல் அரிக்குது. வெள்ளி ஒத்துக்கலியா?
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: வெள்ளியவிட, ரோடியத்துக்கு அடில பூசியிருக்கக்கூடிய நிக்கல் மேலதான் எனக்கு சந்தேகம், நிறைய பேருக்கு அது ஆகாது. மெட்டிய கழட்டிட்டு தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. புதுசு வாங்கறப்ப நிக்கல் இருக்கான்னு கேட்டு, இல்லன்னு பில்லுல எழுதி வாங்குங்க.