பட்டமளிப்பு கவுனின் கை அடியில் மூடியிருக்கிறதா? அது தையல் பிழை இல்லை

அமெரிக்காவில் எம்.எஸ். முடிக்கிறீர்கள், பார்சலில் வந்த கவுனின் கை அடியில் மூடியிருக்கிறது, மணிக்கட்டருகே மட்டும் ஒரு திறப்பு, மாற்றி அனுப்பிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். திருப்பி அனுப்பிவிடாதீர்கள். முதுகலை கவுன் அப்படித்தான் இருக்கும்.

அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 1895-ல் வகுத்த உடை விதியை ஒட்டியே போகின்றன. கவுன் எந்தப் பட்டத்துக்கானது என்ற அடையாளம் முழுக்கக் கையில்தான். உங்கள் அறைத்தோழியின் பி.எஸ். (இளங்கலை) கவுனில் கை அகலமாகத் திறந்து, கீழே கூராக முடியும். உங்களுடையதில் கையைத் திறப்பு வழியாக வெளியே விட வேண்டும்; மிச்சத் துணி பை போலக் கீழே தொங்கும். (பலர் அதற்குள்தான் போனைப் போட்டுக்கொள்கிறார்கள்!) முனைவர் கவுனைத் தேடவே வேண்டாம்: மணி போல விரிந்த கை, அதில் மூன்று வெல்வெட் பட்டைகள், முன்பக்கமும் வெல்வெட்.

இன்னும் சந்தேகமென்றால் டேப்பை எடுத்து ஹூடை, அதாவது கழுத்தில் மாட்டி முதுகில் தொங்கவிடும் துணியை, அளந்து பாருங்கள். முதுகலைக்கு நீளம் மூன்றரை அடி, வெல்வெட் விளிம்பு 3 அங்குலம். முனைவருக்கு நீளம் 4 அடி, விளிம்பு 5 அங்குலம். அறிவியல் பட்டம் என்றால் வெல்வெட் பொன்மஞ்சளாக இருக்க வேண்டும். உள்ளே பளபளப்பது உங்கள் பல்கலைக்கழகத்தின் நிறம். நிறம் மாறி வந்திருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் இன்றே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஹூடின் முன்பக்கம் சின்ன வளையம் இருந்தால் சட்டைப் பொத்தானில் மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் நடக்க நடக்கக் கழுத்தைப் பின்னால் இழுக்கும்.